கல்லில் ஏறிய பன்னிரண்டாவது பெயர்

1

காலை ஒன்பது நாற்பத்திரண்டுக்கு மைக்கேல் மாமா வாசிப்பதை நிறுத்தினார். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது.

இவ்வளவு துல்லியமாக நேரம் சொல்ல இரண்டு காரணங்கள். என் மகள் ஷெரின் அப்போது கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். அதில் மணி இருக்கிறது. இன்னொன்று என் வேலை. மெல்பர்னில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இருக்கிறேன். இங்கே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் கையைக் கடித்துவிட்டால் படிவம் நிரப்ப வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த மூலையில், பக்கத்தில் யார் இருந்தது, காயத்தின் நீளம் என்ன, பெற்றோருக்கு எப்போது சொல்லப்பட்டது. பதினோரு வருடமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். திண்டுக்கல்லில் கணக்கு டீச்சராக இருந்தபோது, மண்டையை உடைத்துக்கொண்டு வரும் பிள்ளைகளைக் குழாயடியில் கழுவிவிட்டு "போய் உக்காரு" என்றுதான் அனுப்பியிருக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஷெரின் உயிரோடு இருக்கிறாள். பதினாறு வயது. இதை எழுதும் சனிக்கிழமை மத்தியானம் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஏதாவது சாக்கு வைத்துக் கதவைத் தட்டுகிறேன். தண்ணீர் வேண்டுமா, துணி காயப்போட்டாயா. "ஐ ஆம் ஃபைன்மா" என்கிறாள். திறப்பதில்லை.

ஊர்ப் பெயரை எழுதவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் வழியில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, அதில் ஒன்று. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். ஆனால் பெயர்களின் எழுத்து வரிசை மட்டும் நடந்தபடியே வருமாறு பார்த்துக்கொண்டேன். நடந்தது எல்லாம் அந்த வரிசையால்தான்.

2

சுனாமி வந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊரிலிருந்து வேளாங்கண்ணிக்கு ஒரு வேன் போனது. பத்தொன்பது பேர். மறுநாள் ஞாயிறு பூசையும் பார்த்துவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். என் அப்பாவும் தங்கை ஸ்டெல்லாவும் போனார்கள். நான் போகவில்லை. அரையாண்டுத் தேர்வுத் தாள் ஒரு கட்டு திருத்த மிச்சமிருந்தது.

பதினொரு பேர் திரும்பவில்லை. வேனை ஓட்டிய சவரிமுத்துவும் திரும்பவில்லை. ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்: பதினொரு பேர், அப்புறம் டிரைவர்.

சித்தப்பா மகன் லூர்துவும் நானும் தேடிப் போனோம். உடல்களை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள் என்று எழுதினால் பொய். மண்ணோடும் முள்கம்பியோடும் உடைந்த படகுப் பலகையோடும் சேர்த்து அள்ளிக் கொட்டியிருந்தது. முகங்கள் ஊதிக் கறுத்து எல்லாம் ஒருவரைப் போலவே இருந்தன. பொக்லைன் ஒன்று குழி தோண்டிக்கொண்டே இருந்தது. வாயில் துணி கட்டியவர்கள் கையையும் காலையும் பிடித்து வீசினார்கள். விழும் சத்தம் ஈர மூட்டை விழுவது போல இருக்கும். ஸ்டெல்லாவை ஜாக்கெட்டின் உள்பக்கம் சலவைக்காரர் மையால் போட்டிருந்த குறியை வைத்துக் கண்டுபிடித்தேன். மூன்று புள்ளி, ஒரு கோடு. எங்கள் வீட்டுக் குறி. அதற்கு முன்பு எத்தனை பெண்களின் ஜாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. அப்பா கிடைக்கவே இல்லை. சவரிமுத்துவை, அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்த வேன் சாவியைப் பார்த்து லூர்து அடையாளம் சொன்னான்.

அடுத்த வருடம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கல் வைத்தார்கள். பதினொரு பெயர்கள், தெரு வரிசையில். சவரிமுத்து பெயர் இல்லை. "வேண்டுதலுக்குப் போனவுக பேருதான் கல்லுல. அவன் வாடகைக்குப் போனவன்" என்றார்கள். பிறகு ஒரு கதையும் முளைத்தது: வேனில் படுத்துத் தூங்குவதற்காக "செத்த நேரம் கடலப் பாத்துட்டு வாங்க" என்று அவன்தான் எல்லோரையும் அனுப்பினான் என்று. வேனில் தூங்கியவன் உடல் கரையில் எப்படிக் கிடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சவரிமுத்து வீடு கண்மாய்க்கு அந்தப் பக்கத் தெருவில். எங்கள் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. சுவருக்கு எந்தப் பக்கம் யார் என்பது பிறக்கும்போதே முடிவாகிவிடும். இதற்கு மேல் ஊரில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஷெரினுக்கு விளக்க நான் முயன்றதும் இல்லை. வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு டிசம்பர் இருபத்தாறும் கோயில் மணி அடித்ததும் பெயர்களை வாசிப்பார்கள். பெயர் வரும்போது அந்த வீட்டார் போய், அந்தப் பெயருக்கு நேரே கல்விளிம்பில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். சவரிமுத்துவின் மனைவி பாக்கியம் சாலைக்கு எதிர்ப்பக்கம், பேருந்து நிழற்குடைத் திண்டில் தன் மெழுகுவத்தியை ஏற்றிவைத்துவிட்டுப் போவாள். இருபது வருடமாக அப்படித்தான். யாரும் அவளைத் தடுத்ததில்லை, கூப்பிட்டதும் இல்லை.

3

வழிந்த மெழுகை வருடா வருடம் கத்தியால் சுரண்டிச் சுரண்டிக் கல்லில் எழுத்து தேய்ந்துவிட்டது. செப்டம்பரில் லூர்து கூப்பிட்டான்.

"அக்கா, இருபதாம் வருசத்துக்குப் புதுக்கல்லு வைக்கிறோம். பழசுல பாதிப் பேரு வாசிக்க முடியல. நீங்கதான டீச்சரு, தப்பில்லாம ஒரு லிஸ்ட்டு அடிச்சு அனுப்புங்க. இந்தத் தடவ நீங்களும் வந்துருங்க."

இறப்புச் சான்றிதழுக்காக அலைந்த நாட்களில் அரசு அலுவலகத்தில் வாங்கிய பட்டியலின் நகல் என்னிடம் இருந்தது. ஷெரின் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறவள்; தட்டச்சு செய்து பழகட்டும் என்று அவளிடம் கொடுத்தேன். தாத்தா பெயரையும் சித்தி பெயரையும் அவள் கையால் அடிக்கட்டும் என்ற ஆசையும் உண்டு. ஊரோடு அவளைக் கட்டிவைக்க என்னிடம் வேறு கயிறு இல்லை. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் தமிழில் பேசினாள்.

"அம்மா, நான் அகர வரிசையில் போட்டுவிட்டேன். அதுதான் ஃபேர். பார்க்கில் இருக்கிற வார் மெமோரியலிலும் அப்படித்தான் இருக்கு. சமையல்காரர் பெயரும் ஆஃபீசர் பெயரும் ஒன்றாக இருக்கும்."

திரையைப் பார்த்தேன். அரசுப் பட்டியலில் இருந்தபடியே பன்னிரண்டு பெயர்கள். சவரிமுத்துவும் இருந்தார்.

பார்க்கவில்லை என்று பிறகு லூர்துவிடம் சொன்னேன். அது பொய். பார்த்தேன். ஷெரினிடம் எடுக்கச் சொல்ல வேண்டுமென்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். "இருக்கட்டுமே, இருபது வருடம் ஆகிவிட்டது" என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "குட் ஜாப்" என்று சொல்லி, பட்டியலை லூர்துவுக்கு அனுப்பிவிட்டேன். லூர்துவை அழைத்து, "தம்பி, இப்படி ஒரு பெயர் சேர்ந்திருக்கிறது, கல் வைக்கிற குழுவில் பேசிக்கொள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லூர்து, டீச்சர் பார்த்ததை நாம் என்ன பார்ப்பது என்று திறக்காமலே திண்டுக்கல்லில் கல் வெட்டுகிறவருக்கு அனுப்பியிருக்கிறான். கல் சாக்குச் சுற்றி வந்து இறங்கி, மேலே வெள்ளைத் துணி போர்த்திய நிலையிலேயே நின்றது.

4

மைக்கேல் மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த வேனில் இரண்டு மகன்களை அனுப்பியவர். அதனால் பெயர்களை வாசிப்பது எப்போதும் அவர்தான். துணியை விலக்கினார்கள். கறுப்புக் கல்லில் வெள்ளை எழுத்து வெயிலில் பளபளத்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மைக்கில் மெதுவாக வாசித்தார். அந்தோணியம்மாள். இன்னாசி. சந்தியாகு. சவரிமுத்து.

வாய் வாசித்துவிட்டது, மனதுக்குப் பிறகுதான் எட்டியது. நிறுத்தினார். மைக்கில் அவர் மூச்சு கேட்டது. அடுத்த இரண்டு வரிகள் செல்வராஜ், சேவியர். அவருடைய பிள்ளைகள்.

"ஏலே லூர்து. இது எவம் பேரு?"

"மாமா... அது..."

"எம் பிள்ளைக தலைக்கு மேல எவம் பேரடா வெட்டி வச்சிருக்கீங்க?"

அதற்குள் பாக்கியத்தின் மகள் மேரி சாலையைக் கடந்துவிட்டாள். அப்பா சாகும்போது அவளுக்கு ஐந்து வயது. நிழற்குடையில் அம்மாவோடு நின்றவள், ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைக் கேட்டதும், அம்மா கையில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்த வரிக்கு நேரே குனிந்து நட்டாள்.

மைக்கேல் மாமாவின் மருமகன் அதை எட்டி உதைத்தார். கொதிக்கும் மெழுகு மேரியின் கன்னத்தில் தெறித்தது. அவள் எழுந்திருப்பதற்குள் அறை விழுந்தது. இரண்டாவது அறையில் கீழே விழுந்தாள். விழுந்தவளின் முடியைப் பிடித்துச் சாலைப் பக்கம் இழுத்தார்கள்.

ஷெரின் ஓடினாள். கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடியே ஓடினாள். தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழில் கத்தினாள்: "நிறுத்துங்கள்! அவரும் இறந்துபோனவர்தானே!"

யாரோ ஒருவன் சிரித்தான். "யார்ரா இது, நியூஸ் வாசிக்குது?"

அந்தச் சிரிப்பும் வீடியோவில் இருக்கிறது. அதற்குப் பிறகு வானம், கால்கள், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பிறகு இருட்டு.

முதலில் கல் எறிந்தது யார் என்பதற்கு இரண்டு தெருவிலும் இரண்டு கதை. நான் கண்டதை மட்டும் சொல்கிறேன். கல்லுக்கு முன்னால் போட்டிருந்த பந்தலின் கம்பியைப் பிடுங்கினார்கள். பந்தல் ஒரு பக்கம் சரிந்து பெண்கள் மேல் விழுந்தது. துணிக்கு அடியில் கிடந்த என் முதுகில் யாரோ ஏறி ஓடினார்கள். வெளியே வந்தபோது, நிழற்குடையில் நின்ற ஒருவரை நான்கு பேர் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கையைத் தலைக்கு மேல் வைத்திருந்தார், கை ஒடிந்து வேறு பக்கம் தொங்கியது. எதிர்ப்பக்கத்திலிருந்து சரளைக் கற்கள் பறந்து வந்தன. மல்லிகை மூட்டை ஏற்றி வந்த டெம்போவின் கண்ணாடி நொறுங்கியது. கல் நாட்டிய கொத்தனாரின் சம்மட்டி அங்கேயே கிடந்திருக்கிறது. ஒருவன் அதை எடுத்து அந்தப் பெயரைக் குறிபார்த்து ஓங்கி அடித்தான். மூன்றாவது அடியில் கல் குறுக்கே பிளந்தது. சவரிமுத்துவும் செல்வராஜும் சேவியரும் சேர்ந்தே தெறித்து விழுந்தார்கள். அடித்தவன் சம்மட்டியோடு அப்படியே நின்றான். மைக்கேல் மாமா மண்ணில் உட்கார்ந்து, பிள்ளைகளின் பெயர் எந்தத் துண்டில் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் ரத்தம் வழிந்தது. நான் அவரைத் தாண்டி ஓடினேன்.

ஷெரினைக் காணவில்லை.

5

ஆறு வாரமாகிறது. ஷெரினின் பள்ளியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. மாணவி பாதிக்கப்பட்டது மதம் சார்ந்த வன்முறையா, இனம் சார்ந்த வன்முறையா, குடும்ப வன்முறையா, பிற. கட்டத்தில் குறியிட வேண்டும். அடித்ததும் எங்கள் மதம், அடிபட்டதும் எங்கள் மதம். இனமும் ஒன்றுதான். கல்லில் இருப்பது உறவுக்காரர்களின் பெயர் என்பதால் குடும்ப வன்முறை என்று போடலாமா என்றுகூட யோசித்தேன். பள்ளி ஆலோசகர் நல்ல பெண். "உங்கள் ஊரில் நினைவிடங்கள் பாதுகாப்பானவை இல்லையா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு என் ஆங்கிலம் இன்னும் வளரவில்லை.

இன்னொரு படிவத்தில் நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். சம்பவத்துக்கு மறுநாள் காவல் நிலையத்தில். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், பொண்ணு வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டு. அடிபட்டதா எழுதினா ரிப்போர்ட்டு மேல போகும். உங்க ஃப்ளைட்டு நின்னுரும். ஸ்டேட்மெண்டு, கோர்ட்டுனு இழுத்தடிக்கும். கூட்டத்துல கால் இடறி விழுந்துருச்சுனு எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்."

எழுதிக் கொடுத்தேன். கடித்தது எந்தப் பல் என்றுவரை இங்கே எழுதுகிறவள், அங்கே "கால் இடறி விழுந்தாள்" என்று ஒரே வரியில் முடித்தேன். ஷெரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அன்றிலிருந்துதான் கதவு சாத்தியிருக்கிறது.

விமானத்தில் ஒரே ஒரு தடவை பேசினாள். "நீ அந்தப் பெயரைப் பார்த்தாய்தானே? எனக்கு ஏன் சொல்லவில்லை?" நான் சீட் பெல்ட்டைச் சரிசெய்தேன்.

6

பந்தலுக்கு அடியிலிருந்து எழுந்த நேரத்திலிருந்து நான்கரை மணி நேரம் அவளைத் தேடினேன். அவள் கைப்பேசி முதலில் அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு அணைந்துவிட்டது. கோயிலுக்குள் பார்த்தேன். பூட்டியிருந்த பள்ளியின் சுவரில் ஏறி எட்டிப் பார்த்தேன். கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. ஒவ்வொரு ஷட்டரையும் தட்டினேன். "உள்ள யாருமில்ல, போங்க டீச்சர்" என்று ஒரு குரல் உள்ளிருந்து சொன்னது. மொபெட் ஒன்று சாலை நடுவில் எரிந்துகொண்டிருந்தது. டயர் புகையில் அவள் பெயரைக் கத்தினால் இருமல்தான் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வராந்தாவில் கிடந்தவர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு போர்வைக்கு அடியில் பெண்ணின் பாதங்கள் தெரிந்தன. போர்வையைத் தூக்கினேன். வேறு யாரோ. உயிரோடுதான் இருந்தாள். அவள் என்னைத் திட்டினாள். நான் அவளைக் கும்பிட்டேன்.

லூர்து என்னை வழியில் பிடித்தான். அவன் சட்டை தோளோடு கிழிந்திருந்தது.

"அக்கா, வீட்டுக்குப் போயி இருங்க. நான் பாக்குறேன்."

"எங்கடா பாப்ப? எல்லா எடமும் பாத்துட்டேன்."

"கண்மாய்க்கு அந்தப் பக்கம் மட்டும் போயிறாதீங்க. நம்ம பயலுக அங்கதான் போயிருக்காங்க. அம்புட்டு வீட்டு ஓட்டையும் ஒடச்சிக்கிட்டு இருக்காங்க. நீங்க எந்தத் தெருனு எல்லாத்துக்கும் தெரியும். அந்தத் தெருக்காரங்க பாத்தா விடமாட்டாங்கெ."

எனக்கும் சத்தம் கேட்டது. கண்மாய்க்கரைக்கு அப்பால் ஓடு உடைகிற சத்தம், நாய்கள், ஒரு பெண்ணின் அலறல். எல்லா இடமும் பார்த்துவிட்டேன் என்று சொன்னேனே, அந்தத் தெருவைப் பார்க்கவில்லை. என் மகள் அங்கே இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் எங்கள் பக்கத்துப் பிள்ளை, எங்கள் பக்கம்தான் எங்கோ இருப்பாள் என்றே கால்கள் போய்க்கொண்டிருந்தன. அந்த ஊரில் பிறந்து, இருபத்தெட்டு வயதுவரை வளர்ந்து, கணக்குப் படித்து, கடல் கடந்த கால்கள்.

லூர்து வீட்டில் என்னை உட்காரவைத்தார்கள். கணவருக்கு மெல்பர்னில் சாயங்காலம். மூன்று தடவை அழைத்தார். "பக்கத்தில்தான் இருக்கிறாள்" என்றேன். நான்காவது தடவை எடுக்கவில்லை. லூர்துவின் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள்; ஆடை படிந்து கிடந்தது. ஷெரினின் சூட்கேஸைத் திறந்தேன். மேலாக இருந்த சட்டையை எடுத்து, உள்பக்கம் திருப்பி, ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தேன். என்ன செய்கிறேன் என்று புரிந்ததும் சட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு அலறினேன். லூர்துவின் மனைவி என் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

இரண்டரை மணி இருக்கும். புழக்கடைக் கதவை யாரோ விரலால் சுரண்டினார்கள்.

பாக்கியம் நின்றாள். அவளுக்குப் பின்னால், அவளுடைய பழைய சேலையை முக்காடு போட்டுக்கொண்டு ஷெரின். முழங்கால்வரை கண்மாய்ச் சேறு. புருவத்துக்கு மேலே வெட்டுக்காயத்தில் காப்பித்தூள் அப்பிக் காய்ந்திருந்தது. பாக்கியத்தின் இடது காதில் தோடு இருந்த இடம் கிழிந்து, ரத்தம் கழுத்தில் இறங்கிக் கறுத்திருந்தது. ஷெரினை இழுத்து அணைத்தேன். அவள் உடம்பு விறைப்பாகவே இருந்தது. என் தோளுக்கு மேலாகப் பாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேரியத் தூக்கிவிட்டு, அவ கூடவே எங்க வீட்டுக்கு ஓடி வந்துருச்சு. ஓடு பூரா வுழுந்துருச்சு டீச்சர். மேரியையும் இதையும் நெல்லுக் குதிருக்குள்ள எறக்கி, மேல சாக்கப் போட்டு நான் ஒக்காந்துக்கிட்டேன். பாப்பா சத்தமே போடல. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, தையல் போடணும்."

"உள்ள வா பாக்கியம்" என்றேன். அதற்கு முன்பு அவளை நான் உள்ளே அழைத்ததில்லை. அது லூர்துவின் வீடு. லூர்துவின் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

பாக்கியம் வரவில்லை. கண்மாய்க்கரைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"போலீசு கேட்டா எங்க வீட்ல இருந்துச்சுனு சொல்லிறாதீங்க. நாங்கதான் இழுத்துட்டுப் போனோம்னு கேசு போட்ருவாங்க."

தலையாட்டினேன்.

"இன்னொன்னு. அவரு பேர மறுபடி வெட்டணும்னு இந்தப் புள்ள வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்துச்சு. வேணாம் டீச்சர். நீங்க வெட்டிட்டு ப்ளேன் ஏறிப் போயிருவீங்க. நாங்க இங்கதான இருக்கோம்."